காலிப்பருக்குக் கலர் அடிப்பவள்

பைக் பிரேக்குக்குக் கலர் அடிக்கிற தொழிலில் கலர் அடிப்பது கால்வாசி வேலைதான். மீதி முக்கால்வாசியும் பயப்படுவது. வீட்டிலேயே தொழில் வைத்து, சோறு ஆக்குகிற நேரத்தில் கஸ்டமருக்கும் பதில் சொல்லி அல்லல்படுகிற என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பைக்கின் முன் சக்கரத்தோடு ஒரு தட்டு சுற்றுகிறதல்லவா, அது டிஸ்க். அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற உலோகப் பிடிதான் காலிப்பர். கம்பெனியிலிருந்து கறுப்பாகவோ சாம்பலாகவோ வரும். நம் பையன்களுக்கு அது சிவப்பாக, மஞ்சளாக, தங்கமாக மின்ன வேண்டும். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் ஒப்பந்த வேலை பார்த்தவள். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கற்ற வேலை கையில் இருக்கிறதே என்று சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

காலிப்பரைக் கழற்றி, கழுவி, தேய்த்து, கலர் அடித்து, வெயிலில் காய வைத்து, திரும்ப மாட்டித் தருவேன். மாட்டிய பிறகுதான் எனக்கு உயிர் போகும். பிரேக் ஆயிலைப் புதிதாக நிரப்பி, குழாய்க்குள் இருக்கிற காற்றை எல்லாம் வெளியேற்றி, ஹேண்டில்பாரில் பிரேக்கை அழுத்தினால் அது கல் மாதிரி நிற்க வேண்டும். கொஞ்சம் காற்று உள்ளே இருந்தாலும் வண்டி நிற்காது. கலர் போனால் சண்டையோடு முடிந்துவிடும், பிரேக் போனால் ஒரு ஆளே போய்விடுவான். இது என் கஸ்டமர்களில் ஒருவனுக்கும் புரிந்ததில்லை.

அண்ணன் இல்லையா?

வாசலில் வண்டியை நிறுத்துகிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இது. முதன்முதலில் வந்த பையன், நான்தான் வேலை செய்வேன் என்றதும், போகவும் இல்லை, நம்பவும் இல்லை. "நான் பக்கத்துலயே குந்திக்கினு பாக்கறேன்க்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். பார்த்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலிப்பருக்குள் பிஸ்டன் என்று ஒன்று இருக்கிறது. கலர் அடிப்பதற்கு முன் அதை வெளியே எடுக்க வேண்டும். என்னிடம் கம்ப்ரெஸர் எல்லாம் கிடையாது, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப்தான். ஆயில் வருகிற ஓட்டையில் பம்பைச் செருகி, பிஸ்டன் வெளிவருகிற பக்கம் பழைய துணியைச் சுருட்டி வைத்து, அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது அசையாது, அசையாது, அசையவே அசையாது. பிறகு ஒரே பாய்ச்சலாக வெளியே வரும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் மூச்சைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கிறேன். இந்த மகராசன் "வருதாக்கா, வருதா?" என்று குனிந்து, துணியை விலக்கி, விரலை உள்ளே விட்டுப் பார்க்கப் போனான். "கைய எடுடா!" என்று நான் போட்ட கத்தலில் அவன் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தான். அந்த நொடியே டப்பென்று வெடித்து, பிஸ்டன் துணியையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவன் நிதானமாக எழுந்து, சுவரில் பெயர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணன் இல்லாததே நல்லதுக்கா. ஆம்பளைங்க யாரும் இவ்ளோ சவுண்டு வுட மாட்டாங்க, என் வெரலு பூட்டிருக்கும்."

அரக்கு

சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருவன் வந்தான். அவன் அக்காவுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை அரக்கு நிறம். மாப்பிள்ளை அழைப்பில் அவன் வண்டிதான் முன்னால் போகப் போகிறதாம், அதனால் காலிப்பரும் அதே அரக்கில் வேண்டுமாம். அடையாளத்துக்குப் பட்டு நூல் துண்டு ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்த ஊரில் சிவப்பு என்று யாரிடமாவது பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியுமா? முதல் தடவை அடித்ததை அவன் வெயிலுக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டியூப்லைட்ல அரக்கு, வெய்யில்ல மொளகாப்பழம்" என்றான். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். "இது மாதுளைக்கா" என்றான். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. நன்றாகக் காயாத பெயிண்டோடு மாட்டிக் கொடுத்தால், பிரேக் பிடிக்கிற சூட்டில் அது உரிந்து ஊர்வலத்திலேயே என் மானத்தை வாங்கும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது தடவை கறுப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அடித்துக் காய வைத்தேன். அவன் நூலை அதன்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று கூட நான் அப்படி நின்றதில்லை. கடைசியில் தலையை ஆட்டினான். நான் மூச்சு விடுவதற்குள் அவன் போன் அடித்தது. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "கலர் கரெக்ட்டுக்கா. ஆனா மாப்ள வூட்ல பொடவைய மயில் கழுத்துக்கு மாத்திட்டாங்களாம், இப்ப இன்னா பண்லாம்?"

ஊதுபத்தி காட்டிய திசை

ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் நான் ஊதுபத்தி கொளுத்துவேன். பக்தி ஒன்றும் இல்லை. புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ, காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு குடித்தனத்துக்கும் பொது. பக்கத்துக் குடித்தனம் லோகநாயகி அக்கா வீட்டில் தறி ஓடுகிறது. சாயம் போட்ட பட்டு நூலை அங்கேதான் மூங்கில் கழியில் காயப் போடுவார்கள். அதனால் புகை மதில் பக்கம் சாய்ந்தால்தான் நான் டப்பாவையே கையில் எடுப்பேன்.

அன்றைக்கும் மதில் பக்கம்தான் சாய்ந்தது. முகத்தில் மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு குனிந்து, ஒரு கோட் சிவப்பு அடித்தேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கோட். நிமிர்ந்து மாஸ்க்கைக் கழற்றினால், ஊதுபத்திப் புகை விரலை நீட்டிக் காட்டுகிற மாதிரி நேராக மூங்கில் கழியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கழியில் சந்தன நிற நூல். யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் புடவை. கிட்டே போய்ப் பார்த்தேன். நூல் முழுக்கச் செந்தூசி.

லோகநாயகி அக்கா வந்தாள். சாதாரணமாக அவள் கோபப்பட்டால் தெருக்கோடி வரை கேட்கும். அன்று நேராகக் கழிக்குத்தான் போனாள். நூலை ஒவ்வொரு கற்றையாக எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் ஒரு கற்றையின் இரண்டு முனையையும் பிடித்து ஓங்கி ஓர் உதறு உதறினாள். சிவப்பெல்லாம் மாவாகப் பறந்தது. தூரத்திலிருந்து காற்றில் வந்த பெயிண்ட், வருகிற வழியிலேயே காய்ந்து வெறும் தூளாகிவிட்டிருந்தது, நூலில் ஒட்டவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் உதறி முடித்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். மேல்மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நூலு தப்பிச்சிது. அவ்ளோ ஆசையா இருந்தா என் தலைக்கு அடிச்சி வுடு, நரையாவது மறையும்."

கலருக்கு என்ன பதில்?

பிரேக் ஆயிலுக்கும் பெயிண்டுக்கும் ஜென்மப் பகை. ஒரு சொட்டுப் பட்டாலும் பெயிண்ட் கொப்பளித்து உரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தங்க நிறம் அடித்துக் கொடுத்த பையன், பின்னால் சிநேகிதனையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். இறங்கும்போதே சண்டை. "இன்னாக்கா வேல செஞ்ச நீ? பாரு, தோல் உரிஞ்ச மாதிரி கீது" என்றான். நானும் பதிலுக்குச் சண்டை போடத்தான் குனிந்தேன்.

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காலிப்பர் முழுக்க ஈரம். குழாய் வந்து சேருகிற இடத்தில், நான் போட்ட போல்ட் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று ஆன்லைனில் வாங்கிய நீல நிற போல்ட்டை அவனே மாட்டியிருந்தான். அதன் இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய செம்பு வாஷரை மிச்சப்பட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டான். அந்த வழியாக ஆயில் கசிந்து, மேலே ஹேண்டில்பாரில் இருக்கிற ஆயில் டப்பாவில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் தேங்கியிருந்தது. பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். பஞ்சில் கை வைத்த மாதிரி போயிற்று.

"எங்கேர்ந்துடா வர?" என்று கேட்டேன். சென்னையிலிருந்தாம். பைபாஸில் பறந்து வந்தார்களாம். அந்தச் சிநேகிதன் பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான், அவனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. நான் சாவியைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆயில் இல்லை, பிரேக் இல்லை, நீங்கள் உயிரோடு வந்ததே பெரிய விஷயம் என்று கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிரேக்க வுடுக்கா, அத மெக்கானிக் பாத்துப்பாரு. கலருக்கு இன்னா பதில் சொல்ற?" என்றான்.

டிவி மேல் இருந்த சாவி

ஒரு வண்டிக்கு மஞ்சள் அடித்துக் காலிப்பரை மாட்டியிருந்தேன். பார்க்க ஷோரூமிலிருந்து வந்த மாதிரி வாசலில் நின்றது. ஆயில் மட்டும் நிரப்பவில்லை. வீட்டில் இருந்த பாட்டில் திறந்து நாளாகிவிட்டது. திறந்து வைத்த பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக் கெட்டுப்போகும். புது பாட்டில் வாங்கலாம் என்று காலையில் எங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, சூடம் காட்டி முடிக்கிறவரை நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் வாசலில் வண்டி இல்லை.

திருடன்தான் கொண்டுபோய்விட்டான் என்று நினைத்தேன். "உன் வூட்டுக்காரருதாம்மா எடுத்துக்கினு போனாரு" என்றாள் லோகநாயகி அக்கா. "நீ ஸ்கூட்டர எடுத்துக்கினு பூட்ட. பாப்பாக்கு இஸ்கூலுக்கு நேரமாய்டுச்சுன்னு முன்னாடி ஏத்திக்கினு போறாரு." உள்ளே ஓடினேன். டிவி மேல் நான் வைத்த சாவி இல்லை. திருடனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிறது. காலை நேரத்தில் காந்தி ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் புடவை வாங்க வந்த வெளியூர்க் கார்களும் முட்டிக்கொண்டு நிற்கும். போன் போட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று மகள் தலைமேல் சத்தியம் வாங்கியவளே நான்தான். சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகிறார் மனுஷன்.

ஸ்கூட்டரைத் திருப்பினேன். எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் பிரேக்கை அழுத்துவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அழுத்தினால் அது வெறுமனே வந்து கைப்பிடியில் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பெட்ரோல் டேங்க்மேல் என் மகள். நெரிசலுக்குப் பயந்து அவர் எப்போதும் நுழைகிற குறுக்குத் தெருவில் நானும் நுழைந்தேன். அந்தத் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்களே, அதுதான். அதன் நடுவில் ஒரு கூட்டம். எல்லோரும் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள். "மெதுவா தூக்கு, மெதுவா" என்று ஒரு குரல் கேட்டது.

ஸ்கூட்டரை ஸ்டாண்டுகூடப் போடாமல் கீழே விட்டுவிட்டு ஓடினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனால், நாலைந்து இழை அறுந்து கிடக்க, ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "யம்மா, பாவு மேல கால வெச்சிடாத!" என்று கத்தினார். பைக்கில் ஒருத்தர், முன்னால் ஒரு பொண்ணு என்று திக்கித் திக்கிக் கேட்டேன். "மஞ்ச பிரேக்கு வண்டியா? இப்பதான் ஓரமா போச்சு. பிரேக்கு ஜோரா கீதேன்னு பேசிக்கினு இருந்தோம்" என்றார். அவரை அறையலாம் போல இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் அந்த வண்டி நின்றது. நான் அவரைப் பார்க்கவில்லை. நேராக கேட்டுக்குப் போய்க் கம்பி வழியாகப் பார்த்தேன். பிரேயர் வரிசையில் என் மகள் முன்னால் நிற்கிறவளின் ரிப்பனை இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் திரும்பினேன். எதிரே டீக்கடையில் அவர் டீயை ஆற்றிக்கொண்டு நின்றார். நான் வண்டியின் பிரேக்கை அழுத்தினேன். ஒரு தடையும் இல்லாமல் கைப்பிடியில் வந்து ஒட்டியது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். அழுகையும் திட்டுமாக எல்லாவற்றையும் சொன்னேன். "மாட்டிட்டியே, வேல முடிஞ்சிதுன்னு நெனச்சேன்" என்றார். "அப்ப எப்படித்தான் நிறுத்தினீங்க? அத்தன வேகத்தட, அத்தன பஸ்ஸு, எப்படி நிறுத்தினீங்க?" என்று சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு வலது காலைப் பார்த்தார். "முன் பிரேக்கா? கல்யாணத்துக்கு முந்தி ஒருதபா அதப் புடிச்சி குப்புற வுழுந்தேம்மா, அன்னிலேந்து கால் பிரேக்குதான், அதத் தொடறதே இல்ல."

முன் பிரேக்கைத் தொடவே தொடாத மனுஷனைக் கட்டிக்கொண்டு முன் பிரேக்குக்குக் கலர் அடித்துப் பிழைக்கிறேன், ஆனாலும் கஸ்டமர் வண்டிச் சாவி இப்போதெல்லாம் என் தாலிக் கொடியில் ஊக்கோடு சேர்ந்துதான் தொங்குகிறது.