குமாபே வளர்த்த காட்டுப் பெர்சிமன்

எங்கள் ஹிதா ஊரில் சலவைக் கடை குமாபேயிடம் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். 'தெரியாது' என்பது மட்டும் கிடைக்காது. சட்டையை மூக்கருகே கொண்டுபோய், "இது சோயா இல்ல, விலாங்கு மீன் சாறு. எங்க விருந்து?" என்பார். சரியாகத்தான் இருக்கும். கறையில் கெட்டிக்காரர், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மரத்திலுமா? பக்கத்துக் கடையில் முடிவெட்டுகிற எனக்கு, அவர் அளப்பதைக் கேட்டே காது புளித்துவிட்டது.

கடைத்தெருவை அகலப்படுத்தியபோது நகராட்சி இரண்டு பக்கமும் மரம் நட்டது. நம் மலைப்பக்கத்து மரம்தானாம். எனக்குப் பெயர் தெரியாது. வளர்ந்த மரத்தடியில், நடைபாதை வெடிப்பில் முளைத்த ஒரு கன்றைக் குமாபே பிடுங்கி வந்தார்.

"பெரிய மரத்தோட பட்டையைப் பாருய்யா, வெடிச்சு வெடிச்சு நிக்குது. இலையும் அதே. பெர்சிமனேதான், காட்டு வகை! இதைத் தொட்டியில எவனும் வளர்த்ததில்ல."

"எதுக்கும் போன்சாய் சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"நானா? போய்க் கேக்கணுமா? நல்லா சொன்ன போ."

வருஷக்கணக்கில் கம்பி சுற்றி, கிளை வளைத்து, பிள்ளை மாதிரி வளர்த்தார். பெர்சிமன் என்றால் தக்காளி போலப் பழம் தொங்கும்; இதில் காய் மட்டும் வரவில்லை. இந்த இலையுதிர் காலத்துக் கண்காட்சியில் போன்சாய் சங்கம் முதல்முறையாக அவருக்கு நடு மேடையில் இடம் கொடுத்தது. கோட்டு போட்டுக்கொண்டு வந்து, 'காட்டுப் பெர்சிமன்' என்று தானே எழுதிய பெயர்ப்பலகையை மரத்தின் முன் வைத்தார்.

பக்கத்து இடம் ஷிகெனோ அம்மாவுக்கு ஒதுக்கியது. ரயிலடியில் சோற்றுப்பெட்டி விற்றவர். வீட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த வாரம் கோபே நகரில் மகனோடு குடியேறப் போகிறார். மாடி வீடு, மரம் வைக்க இடமில்லை; இதுதான் அவருக்குக் கடைசிக் கண்காட்சி. ஆனால், "என் மரம் இலை கொட்டிடுச்சுங்க, இந்தத் தடவை வேணாம்" என்று சொல்லிவிட்டார். அந்த இடம் காலியாகவே கிடந்தது.

சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். குமாபேயின் பலகையைப் பார்த்தார்கள். "கிளை அமைப்பு பிரமாதம்" என்று குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாள், மூட இன்னும் கொஞ்ச நேரம்தான். டீ எடுக்க நாங்கள் இருவரும் திரைக்குப் பின்னால் போனோம். மூலையில் துணி போர்த்தி ஏதோ இருந்தது. குமாபேயின் கைதான் சும்மா இருக்காதே, விலக்கினார்.

அதே வகை மரம். முதிர்ந்தது, கம்பீரமானது, இலை ஒன்றுகூடக் கொட்டவில்லை. கொத்துக் கொத்தாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பழங்கள். பலகையில் 'சிஷா மரம் – ஷிகெனோ' என்றிருந்தது. குமாபே ஓர் இலையின் ஓரத்தைத் தடவினார். ரம்பம் போலப் பல். பெர்சிமன் இலைக்கு ஏது பல்? எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பெர்சிமன் நிற்கிறது, இது எனக்கே தெரியும்.

டீக் கெண்டியோடு வந்த சங்கச் செயலாளர் நகாவோ அப்படியே நின்றார்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார் குமாபே.

நகாவோ தரையைப் பார்த்தார். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா உங்களுக்குச் சங்கடமாயிடும்னு... அவங்களேதான் உள்ள கொண்டுவந்து வச்சாங்க."

குமாபேயின் முகம் செத்துப்போனது. எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்! திரைக்கு வெளியே போய்த் தன் மரத்தை இறக்கிக் கீழே வைத்தார். ஷிகெனோ அம்மாவின் தொட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து நடு மேடையில் வைத்தார். பார்க்க வந்தவர்கள் அநேகமாகப் போய்விட்டிருந்தார்கள். வாசலில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்த ஷிகெனோ அம்மா அதைக் கண்டு பதறி ஓடிவந்தார்.

குமாபே இடுப்பு ஒடியக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் அந்த அம்மா அவரைவிடத் தாழக் குனிந்துவிட்டார்.

"மன்னிச்சிடுங்க குமாபே-சான்," என்றார். "நான்தான் சரியா மூடி வைக்கல."