மதினிக்காகப் பெயர்த்த தரை

எங்கள் வீட்டுக்குள் குளியலறை வந்தது, எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான். அதுவரை கொல்லையில் தென்னங்கீற்று மறைப்புக்குள் ஒரு கல்லும் ஒரு தொட்டியும். அனுமந்தன்பட்டியில் அப்போது பாதி வீடுகளில் அப்படித்தான். ஒரு வருடம் எங்கள் தோட்டத்துத் திராட்சை கைகொடுத்தது. என் வீட்டுக்காரர் தேனிக்குப் போய் டைல்ஸ் எடுத்து வந்தார். சுவருக்கு வெள்ளை, தரைக்கும் வெள்ளை. குனிந்தால் முகம் தெரியும், அப்படி ஒரு பளபளப்பு. ஷவர் மாட்டினார். வாளியும் கப்பும்கூட வெள்ளையில்தான் வேண்டுமென்று கடை கடையாக ஏறி இறங்கினார். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அந்தக் கதவைத்தான் திறந்து காட்டுவார்.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, வருசநாட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். கணவர் போன பிறகு ஒரே மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். தம்பி போய் வம்படியாகக் கூட்டிவந்தார். வந்த மறுநாள் புதுக் குளியலறைக்குள் போனவர், அரைகுறையாகத் தலையைத் துவட்டியபடி சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

"எனக்கு வெளியில குளிச்சாத்தேன் ஆத்தா குளிச்ச மாதிரி இருக்கும்" என்று கொல்லைக்குப் போனார். சாரல் மழை விடாமல் பெய்த வாரத்திலும் அதே கீற்று மறைப்புதான். கீற்று இற்றுப்போயிருக்கிறது, பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் என்றேன். கிழிந்த சேலையை எடுத்து மேலே கட்டிக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு மனசு விட்டுப்போயிற்று. "நாம நல்லாருக்கிறது அக்காவுக்குப் பொறுக்கலயோ" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் குறைந்தது.

ஒருநாள் காலை ரேஷன் கடைக்குக் கிளம்பியவள், பையை மறந்து திரும்பி வந்தேன். குளியலறை வாசலில் மதினி நின்றிருந்தார். ஒரு காலை உள்ளே நீட்டி, ஆழம் தெரியாத கிணற்றில் இறங்குபவர்போல் தடவிப் பார்த்தார். இழுத்துக்கொண்டார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தேய்த்துத் தேய்த்துச் சுவர் வரை போனார்.

"மதினி" என்றேன்.

திடுக்கிட்டவர் என் பக்கம் திரும்பினார். ஆனால் பார்வை என் தோளைத் தாண்டி எங்கோ நின்றது.

"உள்ள போனா ஒண்ணும் தெரியல ஆத்தா. எங்கன தரை முடியுது, எங்கன செவுரு ஆரம்பிக்குது, எதுவும் பிடிபடல. பாலுக்குள்ள எறங்குனாப்புல இருக்கு. அன்னைக்கே வழுக்கிக் குழாயப் பிடிச்சுத்தேன் தப்பிச்சேன்."

"கண்ணு தெரியலயா? எத்தன நாளா?"

"கொஞ்சங் கொஞ்சமா மங்கிக்கிட்டே வருது. யார்ட்டயும் சொல்லிராத. மக போன எடத்துல, இது குடும்பத்துல வர்ற வியாதின்னு பேசுவாக. அவ இப்பத்தேன் முழுகாம இருக்கா."

நான் சொல்லமாட்டேன், ஆனால் தம்பியிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் தள்ளிப்போட்டவர், மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டுக் குளியலறைக்குள் போனார். எட்டிப் பார்த்தேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடுவில் நின்றிருந்தார்.

அந்த வாரமே மூவரும் மதுரை கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் மதினி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். தேனி வந்ததும் என் வீட்டுக்காரர், "எறங்குக்கா" என்றார். நேரே டைல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனார்.

கடைப் பையன் வெளிர் நிறமாகவே எடுத்து வைத்தான். "லைட் கலர் போட்டாத்தேன் ரூம் பெருசாத் தெரியும்க்கா."

"பெருசாத் தெரிய வேணாம்ப்பா, தெரிஞ்சாப் போதும்" என்றார் மதினி. அன்று முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

சுவரில் மாட்டியிருந்ததைப் பார்க்காமல், கருத்த நிறங்களாக ஐந்தாறு டைல்ஸைத் தரையில் வரிசையாகப் போடச் சொன்னார். செருப்பைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார். பையன் முதலாளியைப் பார்த்தான். "இங்கன ஈரம் பண்ணுனா வர்றவுக வழுக்கி விழுவாகம்மா" என்றார் முதலாளி. "வழுக்குறதக் கண்டுபிடிக்கத்தேனய்யா வந்திருக்கேன்." அவர் சிரித்துவிட்டு வாளியையும் கொடுத்துப் பின்பக்கக் குடோனைத் திறந்துவிட்டார். மதினி ஒவ்வொன்றாக ஏறி, குதிகாலைத் திருகிப் பார்த்தார். சோப்பு நுரையும் ஊற்றச் சொன்னார். கடைசியில் காபிக்கொட்டை நிறத்தில் சொரசொரப்பான சின்னச் சதுரம் ஒன்றில் நின்றுகொண்டு, "இதுலருந்து எறங்க மனசில்ல" என்றார். அதே நிறத்தில் சுவருக்கும் ஒரே ஒரு வரிசை கேட்டார். கை வைத்தபடி குழாய் வரை போவதற்காம்.

வெள்ளைத் தரையைப் பெயர்த்த அன்று என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போய்விட்டார். "ஒட்டுன ஈரமே காயலயேக்கா" என்று கொத்தனார் வருத்தப்பட்டுக்கொண்டேதான் சுத்தியலை ஓங்கினார். சொரசொரப்பில் தண்ணீர் தேங்கும், அது வடிய வாட்டம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்றார். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "தரை ரொம்பச் சரிஞ்சா நான் சாஞ்சிருவேன்." இருவருக்கும் வாக்குவாதம். முடிவில் கலவை போடுமுன் டைல்ஸை மணலில் வெறுமனே பரப்பி மதினியை நடக்கவிட்டார்கள். கொத்தனார் ஓரிடத்தில் மணலைக் குறைத்தார், மதினி மறுபடி நடந்தார். நிற்கும் இடம் கிட்டத்தட்ட மட்டமாகவும் மூலையை ஒட்டி மட்டும் சரிவாகவும் அமைந்தது. தண்ணீர் கொஞ்சம் நின்றுதான் போகும், துடைப்பத்தால் தள்ளிவிடலாம் என்று நானும் சம்மதித்தேன்.

சிமெண்ட் காய்ந்து மதினி முதலில் உள்ளே போனபோது, என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஷவர் சத்தம் வெகுநேரம் கேட்டது. கதவு திறந்தது. ஈரத் தலையோடு நின்ற மதினி, "ஏலே, எல்லாம் சரிதேன். சோப்பு மட்டும் வெள்ளையா இருக்கு, செவுத்தோட செவுரா ஒளிஞ்சுக்கிருது" என்றார்.

"பச்சை சோப்பு வாங்கித் தாரேன்க்கா" என்றவர், எழுந்து தோட்டத்துப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

மகளிடம் மதினி, பிரசவம் முடிந்த பிறகுதான் சொன்னார். சம்பந்தி வீட்டில் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பேத்தியின் கண்ணைக் காட்டிவரச் சொன்னார்கள். குழந்தைக்குக் குறையில்லை என்றதும் பேச்சு அடங்கியது. அடுத்தடுத்த வருடங்களில் மதினிக்கு வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சின. யார் துணையுமில்லாமல் தினமும் தானே குளித்தார். கதவுக்கு வெளியே நாங்கள் யாரும் காத்திருக்கவில்லை.