கட்டிலோடு கரையேறிய சர் ஹேமோ

ஹேமோ மூன்றாவது மகன். நிலம் மூத்தவனுக்குப் போயிற்று, அடுத்தவன் துறவியானான். ஹேமோவுக்கு மிஞ்சியது ஒரு கிழட்டுக் குதிரையும், ஊர்ப் பாதிரியார் சலிக்காமல் சொல்லிக்கொடுத்த லத்தீனும்தான். அந்தப் பாதிரியாருக்காக அவர் வாழ்நாள் முழுவதும் ஞாயிறுதோறும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

இருபது வயதில் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய், மன்னரின் நீதிமன்றத்தில் வக்கீல்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டே சட்டம் கற்றார். ஒருநாள் ஒரு நீதிபதி திரும்பிப் பார்த்து, "தினமும் நிக்கிறியே, கால் வலிக்கலையா? வந்து உட்காரு" என்றார். அங்கிருந்து தொடங்கியது எல்லாம். ஹென்றி மன்னரின் ஓலைகளைச் சுமந்து பதினொரு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார். இன்ன அளவுக்கு மேல் நிலம் இருப்பவர்கள் எல்லாரும் வீரப்பட்டம் ஏற்றே தீரவேண்டும் என்று மன்னர் உத்தரவிட்டபோது, மனைவி வழியில் நிலம் வந்திருந்த அவரும் நாற்பத்தொரு வயதில் 'சர்' ஆனார். வாளை அவர் உருவியது ஒரே ஒரு முறை, துரத்திவந்த வாத்துக் கூட்டத்தை விரட்ட. இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

பாரெட் ஆற்றங்கரையில் வித்திகோம் என்ற ஊரும், அதன் கீழ்ப்புறத்துப் புல்வெளியும் அவர் மனைவி இடோனியாவோடு சீதனமாக வந்தவை. ஊர் மாடுகள் அத்தனையும் அங்கேதான் மேய்ந்தன. அவருக்கு அறுபத்திரண்டு வயதானபோது, அக்கரை மடம் அந்தப் புல்வெளி தன்னுடையது என்று வழக்குப் போட்டது. கிடைத்தால் வேலி போட்டுவிடும்.

வழக்கு நாள் நெருங்கும்போது ஹேமோவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. படுத்த படுக்கையாக இருப்பதாக நீதிமன்றத்துக்குச் சொல்லியனுப்பித் தவணை கேட்டார். அது உண்மைதானா என்று பார்க்க நீதிமன்றம் நான்கு வீரர்களை அனுப்பும். இடுப்பில் கச்சையில்லாமல், காலில் செருப்பில்லாமல் அவர் கட்டிலில் கிடக்க வேண்டும். எழுந்து நடமாடியவர் என்று தெரிந்தால் வழக்கு அத்தோடு முடிந்தது, நிலம் மடத்துக்கு. இதே சட்டத்தைக் காட்டி அவரே இரண்டு பேரைத் தோற்கடித்திருக்கிறார்.

நால்வரும் வரவேண்டிய அன்று காலையில் ஆறு கரையை உடைத்தது. கூடத்துக்குள் தண்ணீர் புகுந்து கட்டில் கால்களை நனைத்தது.

"என்னங்க, எழுந்திருங்க! கோயில் மேட்டுக்குப் போயிடலாம்."

"எழுந்தா புல்வெளி போச்சு, இடோனியா."

"மூழ்கிட்டா மட்டும் அங்க புல்லு புடுங்கவா போறீங்க? எழுந்திருங்கன்னா!"

"நீ போ. நான் படுத்திருக்கேன்."

"முப்பது வருஷமா உங்க வாதத்தைக் கேட்டாச்சு. இன்னிக்கு நான் கேக்கறதா இல்லை" என்று சொல்லிவிட்டு, அவள் முழங்கால் தண்ணீரில் வாசலுக்குப் போய் ஊரைக் கூப்பிட்டாள்.

ஆறு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் வால்கெலின். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாய்க்கால் வழக்கில் ஹேமோவிடம் தோற்று, அன்றிலிருந்து அவரைப் பார்த்தால் மரியாதைக்குக்கூடத் தொப்பியைத் தொடாதவன். ஹேமோ அவனையே பார்த்தார்.

"என்ன ஐயா பாக்கறீங்க? உங்க புல்வெளியில என் ஆடு ஒண்ணுகூட மேயல. அது எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்பா வந்தே?"

"மனுஷன் முழுகறதைப் பாத்துட்டு நிக்கச் சொல்றீங்களா? டேய், அந்தக் காலைப் பிடிங்கடா. எழுப்பாதீங்க, கட்டிலோட தூக்குங்க!"

போர்வையும் தலையணையும் ஹேமோவுமாகக் கட்டில் தோளேறியது. மார்பளவு தண்ணீரில் தள்ளாடித் தள்ளாடிக் கோயில் மேட்டுக்குப் போய், வாசல் கூரையின் கீழ் இறக்கினார்கள்.

நண்பகலில் நான்கு வீரர்களும் படகில் வந்தார்கள். மூத்தவர் சர் ஃபுல்க் போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

"வெறுங்கால். கச்சையும் இல்லை. காய்ச்சல் அனலா அடிக்குது."

இளையவர் ஒருவர் ஒப்பவில்லை. "வீட்டுல இல்லையே! இடம் மாறினாலே எழுந்த மாதிரிதான்."

ஹேமோவிடம் இதற்கு மூன்று பதில்கள் இருந்தன. வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. புல்வெளி கைவிட்டுப் போவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா எங்க எழுந்தாரு?" என்றான் வால்கெலின், சட்டையைப் பிழிந்துகொண்டே. "நாங்கதான் எழுந்தோம். தோள்பட்டையைப் பாக்கறீங்களா?" சட்டையை விலக்கினான். கட்டில் சட்டம் பதிந்து தோல் உரிந்திருந்தது. மற்ற ஐவரும் ஒவ்வொருவராக விலக்கினார்கள்.

சர் ஃபுல்க் ஆறு தோள்களையும் பார்த்தார். "நோய் உண்மை. ஒரு வருஷமும் ஒரு நாளும் தவணை" என்றார். இளையவர் முணுமுணுத்தார், மற்ற இருவரும் சரியென்று தலையசைத்துவிட்டார்கள்.

அந்தத் தவணையில் ஹேமோ தேறினார். மறு ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டருக்குத் தானே குதிரையேறிப் போய் வாதாடினார். ஆற்றோரத்தில் விலாங்கு பிடிக்கும் துறையை மடத்துக்கு விட்டுக்கொடுத்து, புல்வெளியைக் காப்பாற்றிக்கொண்டார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். வித்திகோம்காரர் எவர் வழக்கென்று வந்தாலும் காசு வாங்கவில்லை. மன்னர் பட்டம் கட்டிய நாளைப் பற்றிக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார். வெள்ளம் வடிந்த நாளைப் பற்றிக் கேட்டால் பட்டாணிக் கூழ் ஆறிப்போகும்வரை பேசுவார்.

வெள்ளம் வடிந்த அந்த நாளில், அதே ஆறு பேர்தான் அவரைக் கட்டிலோடு வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள்.

"வழக்குல பேசறப்போ இவ்வளவு கனம் தெரியலையே ஐயா" என்றான் வால்கெலின்.

வழியில் ஆறு பேரின் வீடுகளும் இருந்தன. ஒவ்வொரு வாசலிலும் கட்டிலை இறக்கச் சொன்னார் ஹேமோ. உள்ளே சேறு வழித்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர் என்னைத் தூக்கினார்மா" என்று ஒவ்வொருத்தியிடமும் படுத்தபடியே சொன்னார். இருமலுக்கு நடுவே ஆறு முறை சொல்ல வெகுநேரம் பிடித்தது. தூக்கியவர்கள் அவசரப்படுத்தவில்லை.