இரண்டாம் வயலின்காரனின் முகம்

ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் நாலு பேர்: இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா, நெஞ்சில் சாய்த்து வாசிக்கும் செல்லோ. அதில் இரண்டாம் வயலின்காரனை ஒரு ஈ காக்கா பார்க்காது. துபாயில் ஹோட்டல் ஹோட்டலாக ஐந்து வருஷம் வாசித்தேன், ஒரு வீடியோவிலாவது என் முகம் முழுசாக விழுந்திருக்க வேண்டுமே! அதனால் எங்கள் செல்லோக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தபோது எனக்கு நோட்ஸைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்றே தெரியவில்லை.

அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் சினிமா ரெக்கார்டிங்கில் ஒன்றாக வாசித்தவர்கள். என்னை இங்கே வரவழைத்ததே அவர்தான். அஜ்மானில் ஒரே ரூம். அவர் வண்டி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து தொணதொணத்துக்கொண்டே துபாய் போவோம்.

ஒரு நாள் ஷார்ஜா டிராஃபிக்கில் பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. மனுஷன் அசையவில்லை. "அண்ணே, ஒதுங்குங்க!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணாடியைப் பார்த்துப் பதறி ஒதுக்கினார். "பாட்டு ஓடிட்டிருந்துச்சுடா, அதான்" என்றார். ரேடியோ போடவே இல்லை.

அன்று ரூமில் அவரே சொன்னார். "வலது காது போயிடுச்சு. இடதும் போய்ட்டே இருக்கு. செல்லோ நெஞ்சுல அதிருது, அத வச்சு சமாளிச்சுடுவேன். எங்க தொடங்கணும், எங்க நிறுத்தணும்னு மட்டும் நீ காட்டுடா. ஃபர்ஸ்ட் வயலின் அம்மாவுக்குத் தெரிஞ்சா ஒரே வாரத்துல வேற ஆளு. என் விசா கலாஸ், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

முடியாது அண்ணே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மரமண்டை, சரி என்றேன். ரெக்கார்டிங்கில் எங்களுக்குப் பழகிப்போன விஷயம் அது. பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கஷ்டமான இடம் வந்தால் நாம் கொஞ்சம் அழுத்தி வாசித்துவிடுவோம். யாரும் யாரையும் காட்டிக்கொடுத்தது கிடையாது. ஆனால் அங்கே இருபது வயலின். இருபதில் ஒன்றை மறைக்கலாம், நாலில் ஒன்றை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

ஏழு மாசம் மறைத்தேன். மூச்சை இழுத்துக் காட்டுவேன், புருவத்தைத் தூக்குவேன், வில்லை ஒரு முழம் உயர்த்துவேன். முதல் வயலின் வாசிக்கும் அம்மாள்தான் எங்களுக்குத் தலைமை. கிழக்கு ஐரோப்பாக்காரி, கறார். "ஏன் இப்படித் துள்ளுகிறாய்?" என்று எரிந்து விழுவாள். ஆனால் அண்ணனின் சுருதி வாரத்துக்கு வாரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு நான் என்ன புருவத்தைத் தூக்குவது? வயோலா வாசிக்கும் பிலிப்பினோ தலையைக் குனிந்துகொள்வான். ஒரு நாள் லிஃப்டில் அந்தம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "நம்மிடம் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. நான் கண்டுபிடிப்பேன்." அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு புதுக் கார் அறிமுக விழா வந்தது. பட்டப்பகல், ஆனால் ஜன்னலே இல்லாத ஹால். ஒத்திகையில் எல்லா விளக்கும் எரிந்தது. நடத்துகிறவன் வந்து, காரின் துணியை விலக்கும் முன் ஹாலை இருட்டாக்கிவிடுவோம், பதினாறு பார் வாசித்து நிறுத்துங்கள் என்றான். பார் என்றால் ஒரு தாள வட்டம். அண்ணனுக்கு அதை எழுதிக் காட்டினேன். "பதினாறுதானே, எண்ணிக்கிறேன்" என்றார். சிரித்தார்கூட.

விளக்கு அணைந்தது. என் கை எனக்கே தெரியவில்லை. எட்டாவது பாரிலேயே நடத்துகிறவன் டார்ச்சை ஆட்டி நிறுத்தச் சொல்லிவிட்டான். அந்தம்மாள் மூக்கால் ஒரு மூச்சு விட்டாள், அதுதான் எங்களுக்கு அடையாளம். மூன்று பேரும் நிறுத்தினோம். செல்லோ நிற்கவில்லை.

ஐயோ அண்ணே, நிறுத்துங்க! கத்தவா முடியும்? அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருக்கிறார், அரைச் சுருதி ஏறிப்போய். விளக்கு வந்தபோது கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ அதைத் தனி ஆவர்த்தனம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். பதினாறு முடிந்து அவர் கண்ணைத் திறந்தார். என் வில் மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேடைக்குப் பின்னால் அந்தம்மாள் நேராக என்னிடம் வந்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "அவருக்குக் காது கேட்காது. உனக்குத் தெரியுமா?"

அவள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்கும் விசா போய்விடும். "நோ" என்றேன்.

எதிர்ச் சுவரோரம் அண்ணன் செல்லோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாசமாக என் முகத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டியவர். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்குக் காது வேண்டியிருக்கவில்லை.

அன்றும் அஜ்மானுக்கு அவர்தான் வண்டி ஓட்டினார். நான் வழி நெடுக, மன்னிச்சிடுங்கண்ணே, பயந்துட்டேண்ணே என்று பேசிக்கொண்டே வந்தேன். அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.