அரை டிஸ்க்கும் அரை டிஸ்க்கும்

கியூபாவின் வடகரையில் ஒரு சின்ன ஊர். அங்குள்ள வானொலி நிலையத்தில் கணினி என்று எது முனகினாலும் ஒதாலிஸைத்தான் கூப்பிடுவார்கள். அன்று ஒலிபரப்புக் கணினிக்குப் புதிதாக லினக்ஸ் போட்டிருந்தாள். ஒலிபரப்பு மென்பொருள்தான் இன்னும் ஏறவில்லை.

"சாயந்திரம் வானிலை அறிக்கைக்குள்ள பெட்டி பேசலேன்னா பழைய விண்டோஸையே போட்டுடுவேன்," என்றார் இயக்குநர் எவெலியோ.

"வைரஸ் வந்து பாதி அறிக்கையில வாயடைச்சுதே, அதையா? போய்க் காபி குடிங்க தலைவரே."

வடக்குக் காற்று கிளம்பியிருந்தது. அறிக்கையைக் கேட்டுவிட்டுத்தான் மீனவர்கள் படகை இறக்குவார்கள். அவர்களில் அவள் தம்பியும் ஒருவன்.

அங்கே இணையத்திலிருந்து யாரும் மென்பொருள் இறக்குவதில்லை. அந்த வேகத்துக்கு ஆயுசு போதாது. லினக்ஸ் மென்பொருள்களின் மொத்தக் களஞ்சியத்தையும் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துத் தெருவெல்லாம் சுற்றவிடுவார்கள். மென்பொருளைத் தேடி நிறுவித்தரும் பேக்கேஜ் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் ஒதாலிஸ் இணைய முகவரியை அழித்து, தன்னிடமிருந்த டிஸ்கின் பாதையை எழுதினாள். பட்டியல் வந்தது. நிறுவச் சொன்னதும், 'கோப்பு இல்லை' என்று வரிசையாகப் புலம்பியது.

டிஸ்கைத் திறந்து பார்த்தாள். 'லிப்' என்று தொடங்கும் கோப்புறை ஒன்றுகூட இல்லை. மற்ற மென்பொருளெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கும். டிஸ்கைக் கடைசியாக வாங்கிப்போனவள் பக்கத்து வீட்டு நியுர்கா. போன் போட்டாள்.

"லிபா, லிபின்னு ஒரே மாதிரி கிடந்துச்சுடி. ஒண்ணையே பத்துத் தடவை வச்சிருக்கியோன்னு அழிச்சேன். நாடகத்துக்கு இடம் வேணும்ல?"

"அடிப்பாவி! வீட்டு அஸ்திவாரத்தைப் பேத்துட்டு சோபா போட்டிருக்க!"

அதே களஞ்சியத்தின் இன்னொரு நகல் ஒருவனிடம்தான் இருந்தது. அவளை விட்டுப் போன அதோனிஸ். மூன்று வருடமாக அவன் தெருப்பக்கமே போகாதவள் சைக்கிளை எடுத்தாள்.

"என்னைத் தேடியா வந்தே, கண்ணு?"

"உன் டிஸ்கைத் தேடி. எடு."

"அது அரைகுறை. நகலெடுக்கறப்போ கரண்டு போச்சு. 'எம்' எழுத்தோட நின்னுடுச்சு."

"எல்லாத்தையும் பாதியில விடறவன்தானே நீ. பரவாயில்ல, எனக்கு லிப்போட 'எல்' போதும்."

நிலையத்துக்கு வந்து இரண்டு டிஸ்கையும் சொருகினாள். அவன் டிஸ்கில் இருந்ததைத் தன்னுடையதில் சேர்க்க இடமில்லை, நாடகம் அடைத்துக்கொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் முதல் வரிக்குக் கீழே அவன் டிஸ்கின் பாதையையும் எழுதினாள். ஓரிடத்தில் கிடைக்காததை மேனேஜர் அடுத்த இடத்தில் தேடும். மறுபடி நிறுவச் சொன்னாள். இந்தத் தடவை புலம்பல் இல்லை. ஒவ்வொன்றாக ஏறியது.

எவெலியோ பழைய விண்டோஸ் சிடியோடு வாசலில் வந்து நின்றார். ஒதாலிஸ் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஒலிவாங்கியைத் திறந்துவிட்டாள்.

"வடக்குக் காற்று வலுக்கிறது," என்றார் அறிவிப்பாளர். "நாளை படகுகளை இறக்க வேண்டாம்."

கொஞ்ச நேரத்தில் தம்பி போனில் வந்தான். "கேட்டுச்சு அக்கா. படகைக் கரையேத்திட்டோம்."