பின்சுவருக்கு வெளியே ஓர் அடுக்களை

துறைமுகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்ட பட்டாபிக்கு, நியூ டவுன் பக்கம் கட்டப்போகும் சொந்த வீட்டுக்கு இன்னொருத்தன் பிளான் போடுவதா என்று வீம்பு. லேக் கார்டன்ஸ் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து, பூஜை அறையை ஒட்டி அடுக்களையை வைத்தார். பின்சுவருக்கு வெளியே, தகரக் கூரையோடு இன்னொரு சின்ன அடுக்களையும் வரைந்தார்.

"அது எதுக்கு பாபா?" என்றாள் வங்காளி மருமகள் மௌஷுமி.

"நீ மீன் சமைக்கறதுன்னா சௌகரியமா இருக்கட்டுமேன்னுதான்" என்றார், என்னவோ வரம் கொடுப்பவர்போல.

"இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒருநாளாவது மீன் வாங்கிண்டு வந்திருக்கேனா?"

கோபமே இல்லாமல்தான் கேட்டாள். பட்டாபிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆறு வருஷமாக மனசுக்குள் பொத்திவைத்திருந்ததைத் தன் கையாலேயே அளவெடுத்து வரைந்து காட்டியாகிவிட்டது. அவசரமாக ரப்பரைத் தேய்த்தார். கோடு போயிற்று, அழுத்தி வரைந்த தடம் போகவில்லை.

மௌஷுமி வழக்கம்போல ஃபில்டர் காபியைக் கொண்டுவந்து தாளின் ஓரத்தில் வைத்தாள்.

"புது வீட்டுல உங்க காபியை எந்த அடுக்களையில போடட்டும் பாபா?"