எல்லா ஊரிலும் நாலு டிகிரி

உசிலம்பட்டியில் இருந்து செல்வி போன் செய்தபோது, நான் காலை டீயும் கையுமாக ஸ்கிரீனில் பச்சையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்... எழுத்து என் ஆசை. பிழைப்பு, மதுரையில் ஒரு பால் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் எங்கள் பால் டேங்குகள் எத்தனை டிகிரியில் இருக்கின்றன என்று காட்டும் டேஷ்போர்டு ஒன்றைப் போன மாதம் செய்து கொடுத்திருந்தேன். நாலு டிகிரி என்றால் பச்சை, ஏறினால் சிவப்பு. செல்வி, உசிலம்பட்டி டேங்குக்குப் பொறுப்பு.

"அண்ணே, கம்ப்ரஸர் ஓடல. பால் சூடேறுது. மெக்கானிக்கை அனுப்பி விடுங்க."

மேலே இருந்த பட்டியலில் உசிலம்பட்டியைத் தொட்டேன். நாலு புள்ளி ஒன்று. பச்சை.

"இங்க நல்லாத்தானேம்மா காட்டுது?"

"நான் டேங்க் மேல கைய வச்சுக்கிட்டுத்தாண்ணே பேசுறேன்."

"கையை விட சென்சார் சரியாச் சொல்லும்மா."

இப்படிப் பேச எவ்வளவு படித்திருக்க வேண்டும், பாருங்கள்!

மெக்கானிக் போகவில்லை. மதியத்துக்குள் அம்புட்டுப் பாலும் திரிந்துபோனது. மேனேஜர் டேஷ்போர்டைத் திறந்தார். பச்சை. "டேங்க் நல்லாத்தான் இருந்திருக்கு. அந்தப் பொண்ணு ஒழுங்காக் கழுவாம பாலை ஊத்தியிருக்கு. மெமோவ அடி, வேலைய விட்டுத் தூக்கிருவோம்" என்றார்.

எனக்கு என்னமோ உறுத்தியது. சும்மா கீழக்குயில்குடியைத் தொட்டுப் பார்த்தேன். அங்கேயும் நாலு புள்ளி ஒன்று, பச்சை.

கீழக்குயில்குடியில் எங்களுக்கு டேங்கே கிடையாது. சிமெண்ட் மேடை மட்டும்தான் போட்டிருக்கிறோம். எப்படியும் வரப்போகிறதே என்று பெயரை முன்கூட்டியே பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். டேஷ்போர்டு, டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி கேட்கும் – 'இந்த ஊர் டேங்க் எத்தனை டிகிரி?' அதில் ஊர்ப் பெயர் வரும் இடத்தில் வேரியபிள் என்று ஒன்றை வைக்க வேண்டும். நீங்கள் எந்த ஊரைத் தொடுகிறீர்களோ, அந்தப் பெயர் போய் அங்கே உட்காரும். நான் என்ன செய்திருந்தேன்? மேனேஜருக்கு முதன்முதலில் காட்டிய அன்று சிவப்பு வந்து மானம் போகக்கூடாதே என்று, இருப்பதிலேயே புது டேங்கான ஆனையூரின் பெயரைக் கேள்விக்குள்ளேயே எழுதிவிட்டேன். அவர் கை குலுக்கினார். அந்தக் குளிர்ச்சியில், அதைத் திரும்ப மாற்ற வேண்டும் என்பதே மறந்துபோனது. யார் எந்த ஊரைத் தொட்டாலும் தலைப்பு மாறும், பதில் ஆனையூர்தான்.

நம்மூருக்கு இது புதிதா என்ன? தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுங்கள், ரோடு இல்லை என்று கொடுங்கள்... மேலே பொருள் மாறும். கீழே 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' மாறாது. அதையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு பெரிய அதிகாரி வந்த அன்று எழுதி வைத்திருப்பார்.

ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. என் மறதிக்கு ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது. ஆனையூரை அழித்துவிட்டு வேரியபிளை வைத்தேன். உசிலம்பட்டி இருபத்தெட்டு டிகிரி, சிவப்பு. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன்.

அவர் சிவப்பைப் பார்த்தார். "நல்லா இருந்த போர்டை ஏன்யா கெடுத்து வச்சிருக்க?"

செல்வியின் மெமோ என் பெயருக்கு மாறியது. மற்ற வரிகள் அப்படியே – டேங்கை நான் ஒழுங்காகக் கழுவவில்லையாம். அங்கே மட்டும் வேரியபிள் கச்சிதமாக வேலை செய்கிறது!

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்கண்ணே" என்றார். ஆனால் விடவில்லை. இப்போது தினமும் காலையில் போன் வருகிறது.

"அண்ணே, டேங்குல கைய வச்சுப் பாத்துட்டேன், நல்லா இருக்கு. நீங்க இன்னைக்கு எந்த ஊரைப் பாக்குறீக?"